முத்தலிப் நானா செய்த கலப்படம்

முத்தலிப் நானாவின் மிளகு மூட்டையில் பப்பாசி விதை இருந்ததாக மாத்தளைப் பக்கத்து அலுவிகாரையில் ஒருவரும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனிதர் தமது ஐம்பத்தாறாவது வயதில் ஒரு கலப்படம் செய்தார். அதுவும் எதில் என்கிறீர்கள்? மனைவியின் சிறுநீரில்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு அது. ஸுபைதாவுக்குக் காலையில் முகம் வீங்கியது, பின்னேரத்தில் கால் வீங்கியது. அவளுடன் பிறந்த மூத்தவள் மஸீனா ராத்தா இதே மாதிரி வீங்கித்தான் முந்தின வருடம் மௌத்தாகியிருந்தாள். முத்தலிப்புக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் இரத்தத்தை எடுத்துவிட்டு ஒரு கேனையும் கொடுத்தார். காலையில் முதல் தடவை போவதைக் கொட்டிவிட வேண்டும், அதன்பின் மறுநாள் அதே நேரம்வரை போவதெல்லாம் ஒரு சொட்டு விடாமல் அதற்குள் சேர வேண்டும் என்றார்.

பொழுது சாய்ந்தும் கேனில் கொஞ்சம்தான் இருந்தது. குறைவாகக் கொண்டுபோனால் சிறுநீரகம் செத்துவிட்டது என்று எழுதிவிடுவார்களே என்று பயந்தார். ஸுபைதா குசினியில் இருந்த நேரமாகப் பார்த்து மூன்று தடவை தம்முடையதையும் சேர்த்தார். ஆளில்லாத இடத்திலும் மனிதருக்கு வெட்கம், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாத்தளை டவுனில் ஆய்வுகூடம் நடத்தியவர் யாழ்ப்பாணத்துச் சுசீலாதேவி. இரண்டு நாள் கழித்து முடிவு கேட்டுப் போனவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நானா, அவ எவ்வளவு நிறை?"

"நாப்பத்தொரு கிலோ, மிஸ்."

"இதுக்குள்ள இருக்கிறது நாப்பத்தொரு கிலோ ஆளுடையது மட்டுமில்லை. உண்மையைச் சொல்லுங்கோ."

முத்தலிப் தொப்பியைக் கழற்றினார், மறுபடியும் போட்டுக்கொண்டார். "என்னோடதும் கொஞ்சம்... மூணு தரம், மிஸ். ரொம்பக் கொறைவா இருந்திச்சு."

சுசீலாதேவி சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். "தண்ணி கூடக் குறைய இருக்கிறதில்லை விஷயம். எங்கட தசையிலயிருந்து கிரியாட்டினின் எண்டொரு கழிவு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே அளவில வரும். மெல்லிய பொம்பிளைக்குக் கொஞ்சம், உங்களுக்கு இரட்டிப்பு. சிறுநீரகம் அதை இரத்தத்திலயிருந்து வடிச்சு வெளியில தள்ளும். ஒரு நாளில எவ்வளவு தள்ளினது, இரத்தத்தில எவ்வளவு மிஞ்சிக் கிடக்கு, ரெண்டையும் வச்சுத்தான் அது எவ்வளவு வேலை செய்யுது எண்டு பாக்கிறம். சுகமான ஆளுக்கு நூறை ஒட்டி வரும். நீங்கள் கொண்டுவந்ததில உங்கடையும் சேர்ந்து எண்பது வருது."

"அப்ப நல்லதுதானே, மிஸ்?"

"நல்லதோ? ஒரு வருத்தமும் இல்லையெண்டு டாக்டர் வீட்டை அனுப்பியிருப்பார். அவவுக்கு மருந்தே கிடைச்சிராது."

முத்தலிப்புக்கு அப்போதுதான் விளங்கியது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவரே அவளைக் கொல்லப் பார்த்திருக்கிறார்.

மறுபடி ஒரு நாள் பிடிக்க வேண்டுமென்றால் மனைவியிடம் சொல்லாமல் முடியாது. சொன்னார். ஸுபைதா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்குக் குடுக்க ஒங்களுக்கு வேற ஒண்ணுமே கெடைக்கல்லையா?" என்றவள், சிரித்த வாயோடு அழவும் செய்தாள்.

இரண்டாவது கேனில் பிடித்து முடிந்த காலையில், கடைகளைப் பூட்டச் சொல்லிக் கிளர்ச்சிக்காரர்கள் இரவோடு இரவாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பஸ் இல்லை. முத்தலிப் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வழியில் மறித்த பட்டாளத்துப் பையனிடம் அதில் இருப்பது என்னவென்று சிங்களத்தில் சொன்னதும் அவன் இரண்டடி பின்னால் போனான். அந்த வருடம் மாத்தளையில் பட்டாளத்தைப் பின்வாங்க வைத்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். சுசீலாதேவி மட்டும் ஆய்வுகூடத்தைப் பாதி திறந்து வைத்துக் காத்திருந்தார்.

இந்த முறை முப்பத்தெட்டு வந்தது. பிரஷர் குளிசை போட்டு, உப்பைக் குறைத்தால் இன்னும் பல வருடம் தாக்குப் பிடிக்கலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அறுபது என்று சொல்லிவிடலாமா என்று முத்தலிப் யோசித்தார். வாசலில் ஸுபைதா நின்றாள்.

"எவ்வளவாம்?"

வாய்வரை வந்த அறுபதை விழுங்கினார். "முப்பத்தெட்டு, புள்ள. நூத்துக்கு முப்பத்தெட்டு. மருந்து குடிச்சா அது அப்படியே நிக்குமாம்."

ஸுபைதா வாசற்படியில் உட்கார்ந்து அவரையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பிடியே சொல்லுங்க. எவ்வளவு கொறைஞ்சாலும் எனக்கிட்ட இப்பிடியே சொல்லுங்க. தனியாப் பயப்புட எனக்கு ஏலாது."