எட்டுத் தட்டு வார்த்தை

பினாங்கு வெள்ளைக்காரர்கள் நீளமான வார்த்தைகளை மெல்லாமலே விழுங்கிவிடுகிறார்கள். இங்கே கப்பல் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு இது பெரிய அதிர்ச்சி. நம் தருமபுரிப் பக்கத்தில் அப்படியா? காரிமங்கலம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் 'இன்-காம்-பிரி-ஹென்-சி-பி-லி-டி' என்று கரும்பைப் போல எட்டுத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு கைத்தட்டும் வைத்துக் கொடுப்பார். தட்டுத் தவறாமல் சொன்னவன் படித்தவன். பெண் பார்க்கப் போனாலும் மாப்பிள்ளைக்கு அதுதான் பரீட்சை. அதன் அர்த்தம் 'புரியாத தன்மை'; அதை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

ஒருநாள் துரை என்னை ஒரு கடிதத்தை உரக்க வாசிக்கச் சொன்னார். நடுவில் நம் வார்த்தை! விடுவேனா? நிமிர்ந்து நின்று எட்டுத் தட்டும் தட்டிச் சொன்னேன். அந்த ஆபீசில் கை தட்டினால் பியூனைக் கூப்பிடுவதாக அர்த்தமாம். சீனக் கிழவர் தேநீரோடு ஓடி வந்தார். "டீ வேண்டுமானால் டீ என்று கேள். அதற்கு ஏன் இத்தனை பெரிய வார்த்தை?" என்றார் துரை. மானம் போயிற்று. படாத பாடு பட்டு ஒரே மூச்சில் விழுங்கக் கற்றுக்கொண்டேன்.

அந்த நாக்கோடுதான் லீவில் ஊருக்குப் போய்ப் பச்சியம்மாளைப் பெண் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டுப் பெண். கட்டினால் இவளைத்தான் என்று கப்பல் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன்.

"எங்க, அந்தப் பெரிய வார்த்தைய ஒருக்கா சொல்லுங்க மாப்ளே" என்றார் அவள் அப்பா மாதையன்.

துரையைப் போலவே சொன்னேன்.

"என்னங்க இது, தும்முன மாதிரி இருக்குது? பாதியக் கப்பல்லயே வுட்டுட்டு வந்துட்டீங்களா?" அவர் முகம் சுருங்கிவிட்டது. "சரிங்க, வூட்ல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்."

அப்படிச் சொன்னால் அனுப்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? அப்போது சமையற்கட்டிலிருந்து மெல்ல ஒரு கைத்தட்டல் கேட்டது. பின் இன்னொன்று. எதிர்வீட்டில் இருந்தபடியே எங்கள் பாடத்தைக் கேட்டு வளர்ந்தவள் அல்லவா! அவள் தட்டத் தட்ட நானும் தட்டினேன், எட்டும் கணீரென்று வந்தன.

"இது இங்கிலீசு!" என்று மாதையன் தொடையில் அடித்துக்கொண்டார். "ஊர்த் தண்ணி குடிச்சதும் நாக்கு நேராயிருச்சு பாருங்க."

இப்போது பச்சியம்மாள் என்னோடு பினாங்கில் இருக்கிறாள். ஊர் நினைவு வந்தால், "அதச் சொல்லுங்க" என்பாள், இருவருமாகத் தட்டுவோம். காலையில் ஆபீசில் துரைக்குக் கடிதம் வாசிக்கும்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அதே வார்த்தையை ஒரே மூச்சில் விழுங்குகிறேன். என்ன பணிவு என்று அவருக்கு மகிழ்ச்சி. முதுகுக்குப் பின்னால் என் விரல்கள் எட்டுத் தட்டும் தட்டி முடிப்பதை அவர் பார்த்ததில்லை.