மூன்று நீண்ட விசில்

வெர்னா பிங்கம் டானிகா முகாமின் ஏரிக்கரைப் பொறுப்பில் பத்தொன்பது கோடைகள் இருந்தாள். மற்ற மாதங்களில் அமெரிக்காவின் பாங்கர் நகரில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. வாடகை அறை, ஒற்றைக் கட்டில். ஊசியிலைக் காட்டுக்குள் இருந்த அந்தப் பெண்பிள்ளைகளின் கோடை விடுமுறை முகாம்தான் அவளுக்கு வீடு. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவளை ‘விசில்’ என்பார்கள்.

முகாமின் சொந்தக்காரர் வெண்டல் கிராஸ்பி. சமையல்காரர் உட்பட எல்லோருக்கும் அவர் வெண்டல் மாமா. எழுபதைத் தாண்டியவர். “அடுத்த வருஷம் நான் ஒதுங்கிக்கறேன். நிர்வாகம் உன் கையிலதான்” என்று 1954 ஜூன் மாதமே வெர்னாவிடம் சொல்லியிருந்தார். ஏரியை ஒட்டிய நிர்வாகியின் குடிசையும் அதோடு வரும். குளிர்காலத்திலும் அங்கே இருக்கலாம். அந்தக் கோடை முழுக்க அவள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கரையில் ஒரு பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் பெயர் எழுதிய ஒரு வட்ட மர வில்லை. தண்ணீருக்குள் இறங்கும்போது சிவப்புப் பக்கம், ஏறியதும் வெள்ளைப் பக்கம். அவரவர் வில்லையை அவரவர்தான் திருப்ப வேண்டும்.

பெற்றோர் வரும் ஞாயிறு. கரையெல்லாம் தொப்பிகளும் மடக்கு நாற்காலிகளும். குளியல் முடிந்து எல்லோரும் ஏறிய பிறகு பலகையில் ஒரு வில்லை மட்டும் சிவப்பாகவே இருந்தது. லொரெய்ன் வைட்டிங், வயது பத்து.

“லொரெய்ன் எங்கடீ?” என்று அவளோடு ஜோடியாக நீந்திய பெண்ணை வெர்னா கேட்டாள்.

“என்கூடத்தான் ஏறினா… ஏறினான்னுதான் நினைக்கிறேன், மிஸ்.”

வெர்னா மூன்று முறை நீளமாக ஊதினாள்.

முகாமில் எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும்: தண்ணீரில் இறங்கிய ஒருத்தியைக் காணோம். பயிற்சியாளர் பெண்கள் உடுத்திய உடையோடு ஏரியில் இறங்கி, கைகோத்து வரிசையாக நின்று, காலால் அடித்தரையைத் துழாவியபடி நடந்தார்கள். ஆழத்தில் வெர்னாவே மூழ்கித் தேடினாள். பழுப்புத் தண்ணீர், தன் கையே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் கரையில் ஒரு பெண் அலறுவது கேட்டது. லொரெய்னின் அம்மா மணலில் மண்டியிட்டிருந்தாள்.

அரைமணி நேரம் கழித்து ஒரு கார் வந்தது. பாஸ்டன் வக்கீல் வைட்டிங் இறங்கினார், பின்னால் மகள். ஈரத் துண்டு, கையில் ஐஸ்கிரீம்.

“என்ன கூத்து இது?” என்றார். “கடைவீதி வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். என் பொண்ணை நான் கூட்டிட்டுப் போகக் கூடாதா?”

அந்த அம்மா மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு கணவனிடம் அல்ல, சொட்டச் சொட்ட நின்ற வெர்னாவிடம் திரும்பினாள். “என்னைக் கொன்னுட்டியேடி! முதல்ல காரைப் பாத்திருக்கக் கூடாதா?”

“கார்ல இருந்தா அவ சாக மாட்டாம்மா. தண்ணிக்குள்ள இருந்தா செத்துடுவா. நான் எதை முதல்ல பாக்கறது?”

அன்று பிற்பகலே மூன்று குடும்பங்கள் பிள்ளைகளின் பெட்டிகளைக் காரில் ஏற்றின.

வெண்டல் அவளைப் படகுக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். “சாப்பாட்டுக் கூடத்துல எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடு.”

“நான் என்ன தப்புப் பண்ணினேன், மாமா?”

“ஒண்ணும் பண்ணலை. எனக்குத் தெரியாதா? கேட்டுடு, பேசினது பேசினபடி நடக்கும்.”

மாலைச் சாப்பாட்டின்போது அவள் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். அறிவிப்பு சொல்பவர் அப்படி நிற்பதுதான் அங்கே வழக்கம். பிள்ளைகள் தட்டைத் தட்டிக் கேலி செய்வார்கள். அன்றைக்கு ஒருத்தியும் தட்டவில்லை. அவசரப்பட்டுவிட்டதாகவும் பெற்றோர்களைக் கலங்க வைத்ததற்கு வருந்துவதாகவும் சொன்னாள். வைட்டிங் பெரிய மனதோடு கைதட்டினார்.

செப்டம்பரில் அவள் ஏரியின் மிதவை மேடைகளைக் கரைக்கு இழுக்கும்போது வெண்டல் வந்தார்.

“முகாமை என் மருமகன் பாத்துக்கறேங்கறான், வெர்னா. நீயே தப்புன்னு ஒத்துக்கிட்ட பிறகு, உன்னை நிர்வாகின்னு நான் எப்படிப் பெத்தவங்ககிட்ட சொல்றது?”

அவள் கயிற்றை விடவில்லை. “நீங்கதானே ஒத்துக்கச் சொன்னீங்க?”

“கரைப் பொறுப்பு உனக்குத்தான். ஜூன்ல வருவேல்ல?”

கோடையில் போக வேறு இடம் இல்லை. வந்தாள்.

மருமகனின் முதல் உத்தரவு: பெற்றோர் வரும் நாளில் அந்த மூன்று விசில் கேட்கக் கூடாது. வெர்னா தலையாட்டினாள். அந்த ஞாயிறு பிள்ளைகளை நீச்சலுடையில் கரையை ஒட்டிய மிதவை மேடை மேல் வரிசையாக உட்கார வைத்தாள். ஒருத்தியையும் தண்ணீரில் இறக்கவில்லை.

“இவ்வளவு தூரம் வந்திருக்கோம், நீந்தறதைக் காட்ட மாட்டீங்களா?” என்றார் ஒரு தகப்பனார்.

“அந்த மூணு விசில் ஊத அனுமதி இல்லாம இறக்க மாட்டேன், சார்.”

மருமகன் ஓடி வந்து அவளிடமிருந்து விசிலைக் கேட்டு வாங்கி, பத்தொன்பது வயதுப் பயிற்சியாளர் பெண் ஒருத்தியின் கழுத்தில் மாட்டினான். பிள்ளைகள் ‘ஹோ’வென்று குதித்தார்கள். வெர்னா கரையிலேயே நின்று, கடைசித் தலை மேலே ஏறும்வரை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு போய்ப் பெட்டியைக் கட்டினாள்.