ஜெயசீலனுக்குச் சங்கம் கொடுத்த பதவி

ஜெயசீலன் போய்விட்டான் என்பது தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னவன் மனோகர்; எங்கள் வகுப்புத் தோழன், பழைய மாணவர் சங்கச் செயலாளர். "மாரடைப்பாம், பாவம்" என்றவன் அதே மூச்சில், "உன் புரமோஷன் நியூஸை இன்னும் அனுப்பலையே? சங்க இதழ் அச்சுக்குப் போகுது" என்றான். நான் வந்த ரயிலில் ஏறிவிட்டேன்.

கூடப் படித்த உங்களுக்கு அவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் சௌகரியமாக மறப்பதில் நீங்கள் கெட்டிக்காரர்கள், அதனால் சொல்கிறேன். பம்மல்காரன். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தான். எண்பதுகளின் கடைசியில் அதை இழுத்து மூடினார்கள். அவன் மூலையில் உட்காரவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே மிக்சி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை போட்டான்.

ஆண்டு விழாவில் நம் வழக்கம் தெரிந்ததுதானே. மைக் கைமாறிக்கொண்டே வரும். பெயர், பதவி, கம்பெனி, பிள்ளை எந்த நாட்டில் படிக்கிறான் என்று ஒவ்வொருவராக ஒப்பிப்பார்கள். பதவிக்குத் தக்கபடி கைதட்டல். கடை போட்ட வருடம் ஜெயசீலன் முறை வந்தது. "ஜெயசீலன். பிஎஸ்சி பிசிக்ஸ். மிக்சி ரிப்பேர் பண்றேன். உங்க வூட்டு மிக்சி எதுனா பேஜார் பண்ணா எடுத்துகினு வாங்க" என்றான்.

என்னைத் தவிர ஒருவரும் தட்டவில்லை. மனோகர் மைக்கைப் பிடுங்கி, "ஜெயா எப்பவுமே தமாஷ் பேர்வழி" என்று இளித்தான். உடனே மண்டபமே நிம்மதியாகச் சிரித்தது. திரும்பும்போது பஸ்ஸில் நான் பொருமிக்கொண்டே வந்தேன். "வுடு மச்சான், அவனுங்களுக்குத்தான் கூச்சம். எனக்கு இன்னா?" என்றான் அவன். அடுத்த வருடமும் வந்தான், அதையே சொன்னான்.

அவன் இறந்த மாதத்து இதழ் வந்தது. துணைப் பொது மேலாளர் ஆனவர், துபாய்க்குப் போனவர், மகளுக்கு அமெரிக்க மாப்பிள்ளை பிடித்தவர் எல்லோரும் வரிசையாகப் பல்லைக் காட்டிய பிறகு, கடைசிப் பக்கத்தில் ஜெயசீலன். 'முன்னணி நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்ப ஆலோசகராகப் பணியாற்றி வந்தவர்' என்று போட்டிருந்தது. மனோகருக்குப் போன் செய்தேன். "மரியாதையா இருக்கட்டுமேன்னு நான்தான் மாத்தினேன். ரிப்பேர் கடைன்னு போட்டா சங்கத்துக்கே அசிங்கம் இல்லையா?" என்றான். சீ என்று போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பம்மலுக்குப் போனேன். அவன் மனைவி ரூபியிடம் அதற்குள் யாரோ இதழைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்கள்.

"அண்ணா, இந்தக் கம்பெனி எங்க கீது? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே. கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வேற எங்கனா போய்கினு இருந்தாரா?"

"அப்படி ஒரு கம்பெனியே இல்லம்மா. எழுதினவன் புளுகியிருக்கான்."

"படிச்சவங்க புக்குல போட்டுகீதே அண்ணா" என்றாள். அவள் என்னை நம்பவில்லை. கணவன் எதையோ மறைத்துவிட்டான் என்ற நினைப்பில் அவள் முகம் கறுத்திருந்தது.

நண்பர்களே, மைக்கைப் பிடித்துத் தன் வேலையைச் சொன்ன அந்தக் கூசாத குரலை நான் வைத்துக்கொள்கிறேன். உங்கள் இதழ் எனக்கு இனி வேண்டாம். வாழ்ந்தவரை தன்னைப் பற்றி ஒரு பொய் சொல்லாதவனை, செத்த பிறகு பெண்டாட்டியிடம் பொய்யனாக்கிவிட்டீர்கள்.