சல்லடையின் கையெழுத்து

எதையும் சலிக்காமல் விடமாட்டான் என்பதால் தொலைக்காட்சியின் ஆய்வுப் பிரிவில் அவனுக்குச் சல்லடை என்றே பெயர். பாலம் இடிந்த வழக்கில் தலைமறைவான ஒப்பந்தக்காரரின் படத்தை மதியம் தேடிக் கொடுத்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டவனும் அவன்தான்.

ஆறு மணிச் செய்திக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, மனசு கேட்காமல் படம் எடுத்த முகநூல் பக்கத்தை மறுபடி பார்த்தான். இன்னும் கீழே அதே ஆள், பள்ளிக்கூடக் கரும்பலகை முன்னால், கையில் சுண்ணக்கட்டியோடு; படத்தின் கீழே பள்ளியின் பெயர். பள்ளிக்குப் போன் போட்டு, அந்தப் பெயரில் யாராவது இருக்கிறாரா என்று கேட்டான்.

"எங்க கணக்கு சார்தான். டியூஷன்ல இருக்கார், கூப்பிடறேன்" என்றது ஒரு பெண்குரல்.

பெயர் மட்டும்தான் ஒன்று, ஆள் வேறு. ரிசீவரை மேஜையில் போட்டுவிட்டு ஒளிபரப்பு அறைக்கு ஓடினான்.

"அக்கா, அந்தப் படம் வேண்டாம்."

தயாரிப்பாளர் திரும்பவில்லை. "இப்பதான் ஞானம் வந்துச்சா? செக் பண்ணி கையெழுத்துப் போட்ட மகாராசன் யாரு?"

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் அவன். அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள்.

"நான்தான்க்கா. தப்புப் பண்ணிட்டேன். அது வேற ஆள், ஸ்கூல் வாத்தியார்."

அவள் இப்போதுதான் அவனைப் பார்த்தாள். "படத்தைத் தூக்குங்க. பாலத்தையே காட்டுங்க." பிறகு தணிந்த குரலில், "காலைல எடிட்டர் ரூமுக்கு வந்துடு. உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

திரும்பி வந்தபோது ரிசீவரில் யாரோ கத்திக்கொண்டிருந்தார். "ஹலோ, யாருங்க? பசங்க காத்திருக்காங்க!"

"ஒண்ணுமில்ல சார்," என்றான். "நீங்க போய் கிளாஸ் எடுங்க."