றீற்றா அக்காவின் இரண்டாம் குரல்

1. கெல்லருக்கு வந்த ஜெறோம்

ஜெறோம் என் கெல்லர் படிகளில் இறங்கி வந்தபோது வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அண்ணை, நத்தாருக்கு முதல் ஒரு சீடி அடிக்க ஏலுமோ?" என்றுதான் கேட்டான். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, நவம்பர் மாதம், கிறிஸ்மசுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. வெளியே பனியும் இல்லை, மழையும் இல்லை, ஜெர்மனியின் வுப்பர்டால் நகருக்கே உரிய ஒரு நனைவு.

கெல்லர் என்றால் மாடிவீட்டின் நிலக்கீழ் அறை. மற்றவர்கள் அதில் சைக்கிளும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தார்கள். நான் பழைய மெத்தைகளைச் சுவரில் அடித்து, நடுவில் ஒரு கண்ணாடி போட்டு, ஸ்ரூடியோ என்று பெயர் வைத்திருந்தேன். தொழிலை யாரிடமும் படிக்கவில்லை. உணவகத்தில் கோப்பை கழுவின காலத்தில் பழுதான ஒலி மிக்சர் ஒன்றை வாங்கிக் கழற்றிப் பூட்டிப் பழகியதுதான். வருகிறவர்கள் கலியாணவீட்டுக்காரர், பெண்பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு செய்கிற வீட்டுக்காரர், இடைக்கிடை ஒரு பக்திப்பாடல் குழு. எல்லாருக்கும் ஒரே விருப்பம்தான்: கீபோட் நிறைய, எக்கோ இன்னும் நிறைய. ஒரு ஐயா என்னிடம் சொன்னார், "தம்பி, நான் பாடி முடிச்சு வீட்டை போன பிறகும் என்ர குரல் இஞ்ச நிண்டு கேக்கவேணும்." அப்படி எக்கோ போட்டுக் கொடுத்தேன்.

ஜெறோம் கேட்டது வேறு. கீபோட் வேண்டாம், றிதம் வேண்டாம். அப்பாவின் கிற்றார், அவனுடைய கிற்றார், தங்கை அனித்தா, அம்மா. வீட்டு ஆட்கள் மட்டும். "எல்லாப் பாட்டிலையும் அம்மான்ர குரல்தான் முன்னுக்கு நிக்கவேணும்" என்றான்.

ஏன் என்று கேட்டேன். கதிரையில் இருந்து சொன்னான். அம்மாவுக்குத் தைறொயிட் கட்டி. டிசம்பர் நடுவில் ஒப்பரேசனுக்கு டெர்மின், அதாவது முன்கூட்டியே குறித்த நாளும் நேரமும், கொடுத்திருக்கிறார்கள். கட்டி பொல்லாதது இல்லை. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுகிறதாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனாலும் குரல் மாறலாம், போகவும் போகலாம் என்று டொக்டர் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஜெர்மனியில் எதையும் மறைக்க மாட்டார்கள். தலையிடி மாத்திரைக்கும் ஒரு முழத்துக்கு ஆபத்து எழுதித் தருகிற நாடு. ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு அது பிடரியில் விழுந்த அடி.

2. டெர்மின் இல்லாமல் பிறந்த பாலன்

பாட்டுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவை ஜெறோமின் அப்பா தாசன் அண்ணை கட்டியவை. மன்னார்க்காரர். இளவயதில் வானொலியின் ஆங்கிலச் சேவையில் கேட்ட அமெரிக்க நாட்டுப்புறக் கன்றி பாட்டுகளில் விழுந்து போனவர். இங்கே ஒரு தகடு வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது: ஒவ்வொரு வருசமும் நத்தார் பூசைக்குப் புறப்பட முதல் புதுப்பாட்டு ஒன்று பாடவேண்டும். பாட்டுக் கட்டி முடியாவிட்டால் கேக் வெட்ட விடமாட்டார்களாம்.

தாளம் என்ன என்று கேட்டதற்குப் பெருவிரலால் கிற்றாரின் கீழ்க்கம்பியைத் தட்டிக் காட்டினார். "இது குதிரைவண்டி தம்பி. ஆனா குதிரைக்கு ஒரு அவசரமும் இல்லை."

ஒரு பாட்டில் சூசையப்பர் பெத்லகேமில் அறை தேடி அலைகிறார். ஒவ்வொரு கதவிலும் டெர்மின் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். கடைசியில் பாலன் டெர்மின் இல்லாமலேயே பிறந்துவிடுகிறார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே வந்திறங்கிய காலத்தில் வீடு தேடி அலையாதவர் நம்மில் யார்?

அந்தப் பாட்டை முதலில் பதிவதென்று முடிவாயிற்று. எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். முதலில் கிற்றார், பிறகு ஒவ்வொரு குரலாகத் தனித்தனியே. பிழை வந்தால் அந்த இடத்தை மட்டும் திரும்ப எடுக்கலாம், யாருடைய குரலையும் கூட்டலாம், குறைக்கலாம். ஜெறோமுக்கு இது நல்லாய்ப் பிடித்தது.

தாசன் அண்ணை பாடினார், குறையில்லை. கொலோனில் தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்த அனித்தா ரயிலில் வந்து பாடினாள், குறையில்லை. பிறகு ஜெறோமின் அம்மா றீற்றா அக்கா உள்ளே போனார். தலையில் ஹெட்போனை வைத்தேன். காதில் கணவரின் பாட்டு போனது. அக்கா வாயைத் திறந்தார்.

வந்தது குரல் இல்லை, குரலின் தோல். சுதி ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். திரும்ப எடுத்தோம். அதே கதை. அண்ணையின் பாட்டை நிறுத்திவிட்டு அக்காவையே முதற்குரல் பாடச் சொன்னான் ஜெறோம். பிள்ளை கேட்கிறானே என்று அதற்கும் முயன்றார். இன்னும் மோசம்.

தாசன் அண்ணை என் காதோடு சொன்னார், றீற்றா ஒருநாளும் முதற்குரல் பாடினதில்லை என்று. மன்னாரில் கோயில் பாடகர் குழுவில் இவர் பாடிக்கொண்டிருக்க, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் இவருடைய மெட்டுக்குக் கீழே செக்கண்ட், அதாவது இசைந்து போகிற இரண்டாம் குரல், பிடித்திருக்கிறது. யாரென்று திரும்பிப் பார்த்ததில் அடுத்த வரியை விட்டுவிட்டாராம். "பாதர் ஏசினார். எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றார்.

கண்ணாடிக்கு வெளியே அனித்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஜெறோம் மைக்கில் உள்ளே சொன்னான், "அம்மா, இன்னும் கிட்ட வாங்கோ, ஒரு சொல்லும் தவறாமப் பிடிக்கவேணும்."

அக்கா ஹெட்போனைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். வெளியே வந்தார். கத்தவில்லை, ஆனால் அந்தச் சின்ன அறையில் எல்லாரும் ஒரு அடி பின்னால் போனோம்.

"எனக்கு ஒப்பரேசன் பிள்ளையள், செத்தவீடு இல்லை. எல்லாருமாச் சேந்து பெட்டிக்குள்ள கிடக்கிற ஆளைப் பாக்கிற மாதிரிக் கண்ணாடிக்கால பாத்துக்கொண்டு நிண்டா, எனக்கு எங்கயிருந்து குரல் வரும்?"

என்னைப் பார்த்து மட்டும், "தம்பி, உங்களில பிழை இல்லை" என்று சொல்லிவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டார். யாரும் பின்னால் போகத் துணியவில்லை.

3. ஒரே ஒரு மைக்

அன்று பதிந்ததை அந்தக் கிழமை முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அக்காவின் சுதி எங்கே விழுகிறது என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் வரியின் தொடக்கத்தில்தான். நடுவில் சரியாகத்தான் போகிறார். அண்ணை எப்போது மூச்செடுத்துத் தொடங்குகிறார் என்பது அக்காவுக்குத் தெரியவில்லை. அது காதால் பிடிக்கிற விசயம் இல்லைப் போலும் என்று பட்டது.

அடுத்த சனிக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரு மைக், ஒரு ஸ்ராண்ட், ஒரு பதிவுப்பெட்டி. குசினி, அதாவது சமையலறைதான், அந்த வீட்டில் பெரிய அறை. மேசையில் நத்தார் பலகாரத்துக்கு மா குழைத்து ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். மேசையைச் சுவரோரம் தள்ளி, மைக்கை நடுவில் நிறுத்தி, சுற்றிவர நாலு கதிரை போட்டேன்.

ஜெறோமுக்கு உடனே விளங்கிவிட்டது. "அண்ணை, ஒரு மைக்கெண்டா அம்மான்ர குரலைப் பிறகு கூட்ட ஏலாதே?"

"ஏலாது" என்றேன். "ஆர் எவ்வளவு கேக்கவேணுமெண்டதை இப்ப கதிரையாலதான் தீர்க்கவேணும்."

இந்த முறையில் கிட்ட இருப்பவர் பெரிதாகக் கேட்பார், எட்ட இருப்பவர் சிறிதாக. ஒருவர் பிழைவிட்டால் எல்லாரும் முதலிலிருந்து பாடவேண்டும். பிறகு திருத்துகிற வேலையே இல்லை. எனக்கும் பயம்தான், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

ஹெட்போனில் ஒரு இரைச்சல் கேட்டது. தேடிப் பார்த்தால் குளிர்ப்பெட்டி. வயரைக் கழற்றிவிட்டேன். இந்தக் குளிர்ப்பெட்டி பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஜெறோம் அம்மாவின் கதிரையைத் தூக்கி மைக்கிற்கு முன்னால் வைத்தான். அக்கா அதைத் தூக்கிப் பின்னால், அண்ணையின் இடதுபக்கம் வைத்தார். அவன் திரும்பவும் முன்னால் இழுத்தான். அக்கா கதிரையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெறோம், என்ர குரல் மட்டும் வேணுமெண்டா நான் ரெலிபோனில உனக்கு ஏசேக்க பிடிச்சு வை. பாட்டெண்டா நான் அப்பாவுக்குப் பக்கத்திலதான்."

அனித்தாதான் முதலில் சிரித்தாள். அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு கட்டு அவிழ்ந்தது. தாசன் அண்ணை கிற்றாரைத் தட்டிச் சுதி பார்த்தார். "றீற்றா, நீர் ஆயத்தமோ?" என்று கேட்டார். "நான் எப்பவும் ஆயத்தம். நீங்கள்தான் வரி மறக்கிற ஆள்" என்றார் அக்கா.

பாடத் தொடங்கிய பிறகுதான் நான் தேடியதைக் கண்டேன். அக்கா மைக்கையும் பார்க்கவில்லை, அண்ணையின் முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணையின் இடது தோள் அக்காவின் கண்ணுக்கு நேரே இருந்தது. அண்ணை மூச்செடுக்கும்போது அது ஒரு நூல் உயரும். அது உயர்ந்ததும் அக்காவும் மூச்செடுப்பார். இரண்டு குரலும் ஒரே வாயிலிருந்து வருவதுபோலப் புறப்படும். என் ஸ்ரூடியோவில் ஹெட்போனுக்குள் குரல் இருந்தது, தோள் இருக்கவில்லை.

டெர்மின் வரி வந்த இடத்தில் அனித்தா சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்துக்கொண்டே பாடினார். அந்தச் சிரிப்போடேயே அந்தப் பாட்டு சீடியில் கிடக்கிறது. நான் எக்கோ ஒரு துளியும் போடவில்லை. அந்த எக்கோக்கார ஐயா கேட்டால் என்னைத் தொழிலை விட்டே கலைத்திருப்பார்.

வெளியே இருட்ட முதல் எல்லாப் பாட்டும் முடிந்தது. போட்டுக் காட்டினேன். அண்ணையின் குரல் முன்னால் நடந்தது. அக்காவின் குரல் அதன் கீழே, கைகொடுக்கிற மாதிரி. ஜெறோம் கண்ணை மூடிக் கேட்டான். முடிந்ததும் இன்னொருக்காப் போடச் சொன்னான். குரலைக் கூட்டுவது பற்றி அதன்பிறகு வாயே திறக்கவில்லை. எழுந்துபோய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று மாவை உருட்டத் தொடங்கினான்.

மறுநாள் தாசன் அண்ணையின் தொலைபேசி வந்தது. "தம்பி, உங்கட றெக்கோடிங்கில எங்கட கணவாயெல்லாம் ரெண்டாந்தரம் செத்துப்போச்சு." குளிர்ப்பெட்டியின் வயரைத் திரும்பப் பூட்ட நான் மறந்ததில் உள்ளிருந்த கணவாய் மீன் முழுக்கப் பழுதாகிவிட்டது. விடிய எழும்பின அக்கா கதவைத் திறக்கக் குசினி முழுக்க நாற்றமாம். அன்றிலிருந்து எந்த வீட்டில் குளிர்ப்பெட்டியை நிறுத்தினாலும் என் கார்த் திறப்பை, சாவியைத்தான் சொல்கிறேன், அதற்குள்ளே வைத்துவிடுவேன். மறந்தாலும் வீட்டை விட்டுப் போக முடியாது. பதிவுத்தொழிலுக்கு வருகிற இளம் பிள்ளைகளே, இதையாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒப்பரேசனுக்குப் பிறகு

ஒப்பரேசன் நடந்தது. கட்டியை எடுத்தாயிற்று. குரல் வரவில்லை.

நத்தார் பூசைக்கு அக்கா கழுத்தில் சால்வையோடு வந்தார். நான் சைவசமயக்காரன், ஆனாலும் சீடி கொடுக்கிற சாட்டில் போயிருந்தேன். பேசினால் காற்று மட்டும்தான் வந்தது. நரம்பு அறுபடவில்லை, களைத்துப்போய்க் கிடக்கிறது, பொறுத்துப் பார்க்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பூசை முடிந்து மண்டபத்தில் சீடியை வாங்கியவர்கள் எல்லாரும் அக்காவின் கையைப் பிடித்தார்கள். "எவ்வளவு நல்ல குரல்" என்று ஏதோ முடிந்துபோனதைப் போலச் சொன்னார்கள். அக்கா தலையாட்டிக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. நேரத்தோடே புறப்பட்டுவிட்டேன்.

பிறகு குரல் பயிற்சிக்குக் கிழமைக்குக் கிழமை போனார் என்று ஜெறோம் சொல்லி அறிந்தேன். அந்த வீட்டில் யாரும் சீடியைப் போடவில்லையாம். போடலாமோ என்று கேட்கவும் பயமாம்.

ஈஸ்டர் என்கிற உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிந்திய ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. கரகரத்த ஒரு குரல். யாரோ ஆம்பிளை என்று நினைத்தேன்.

"தம்பி, நான் றீற்றா. அந்தச் சூசையப்பர் பாட்டை இண்டைக்குப் போட்டுக் கேட்டனான். ரெண்டாவது சரணத்தில நான் சுதி விட்டிருக்கிறன். உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

கேட்டது என்றேன். ஆட்கள் சிரித்துப் பாடின இடம், அழகாக இருந்தது, விட்டுவிட்டேன் என்றேன்.

"அழகு கிடக்கட்டும். திரும்பப் பாடவேணும். எப்ப வாறீங்கள்?"

ஏப்ரல் மாதத்தில், யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, நத்தார்ப் பாட்டுப் பதிந்தோம். அக்காவின் குரல் முந்தியதைவிடத் தாழ்ந்து, ஓரங்கள் பிய்ந்து இருந்தது. அண்ணை தன் சுதியை இறக்கி வைத்துக்கொண்டார். பாடி முடிந்ததும் ஜெறோமும் அனித்தாவும் ஒரே நேரத்தில் "நல்லாயிருக்கு அம்மா" என்றார்கள். தாசன் அண்ணை கிற்றாரைத் தடவினார்.

அக்கா அவர்களைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கள் சொல்லுங்கோ."

இந்தத் தொழிலில் நான் கற்றது இதுதான்: ஒருவர் ஏன் பதிய வருகிறார் என்று கட்டாயம் கேட்டு அறியவேண்டும். அறிந்த பிறகு, ஹெட்போனை மாட்டியதும், அதை மறந்துவிட வேண்டும். இரக்கத்தோடு கேட்கிற காதுக்குச் சுதி கேட்காது.

"முடிவில சுதி கொஞ்சம் குறையுதக்கா" என்றேன். "இன்னொருக்காப் பாடுங்கோ."

பிள்ளைகள் இருவரும் என்னை முறைத்தார்கள். றீற்றா அக்கா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அந்தக் கரகரத்த குரலில், நான் அந்த வீட்டுக்குப் போய்வரத் தொடங்கியதிலிருந்து காணாத சந்தோசத்தோடு கணவரிடம் சொன்னார்:

"கேட்டீங்களே? தொடங்குங்கோ."