பெட்டியைத் திறக்கும் முன்

இங்கே ஃபின்லாந்தில் குளிர்காலத்தில் வேலைக்குப் போனால், முதல் காரியம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். நான் சர்க்யூட் பிரேக்கர்களைச் சோதிப்பவள். கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டிய அந்தப் பெரிய சுவிட்சுகள் சரியாகத் திறக்கின்றனவா, உயர் மின்னழுத்தத்தைத் தாங்குகின்றனவா என்று பார்க்கவேண்டும். சோதனைக் கருவி இருக்கும் பெட்டி வேனில் உறைந்துபோய் வந்து சேரும். கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்த கையோடு திறந்தால் கருவியெல்லாம் வியர்த்து ஈரமாகிவிடும். அதனால் பெட்டியை மூடியபடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஒருநாள் பெட்டியைத் தூக்கிவந்து, மூச்சு வாங்க அதன் பக்கத்தில் நின்றேன். அந்த இடத்து எலக்ட்ரீஷியன் பெட்டியை நோக்கிக் கை நீட்டினார். என்னோடு வேலை செய்யும் பெக்கா அவரைத் தடுத்து, "அன்னா சென் லெவாத்தா" என்றார். 'ஓய்வெடுக்கட்டும், விடு' என்பதுவரை எனக்குப் புரிந்தது. என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, எனக்கு ஒன்றும் களைப்பில்லை என்று ஆங்கிலத்தில் வெடுக்கென்று சொன்னேன். பெக்கா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்களுடைய பேச்சுவழக்கில் ஆளுக்கும் பொருளுக்கும் ஒரே சொல்தானாம். அவர் சொன்னது பெட்டியை.

எனக்கு அப்படிச் சுருக்கென்றதற்குக் காரணம் உண்டு. என்னை உட்காரச் சொல்லும் உரிமையை நான் ஒருத்திக்குத்தான் கொடுத்திருந்தேன். அவள் பென்னலூர் தனம். நான் கோவில்பட்டியிலிருந்து சென்னைப் பக்கம் ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து, மண்ணூரில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்த காலத்தில், சோதனைக் குழுவில் எங்கள் இருவரையும் ஜோடியாகப் போட்டார்கள். எந்தத் தொழிற்சாலையில் பராமரிப்புக்காக ஷட்டவுன் என்றாலும் கம்பெனி வேனில் கிளம்பிவிடுவோம். கருவிப்பெட்டி குலுங்கக்கூடாது என்று நடுவில் வைத்து, ஆளுக்கொரு பக்கம் முழங்காலால் அணைத்துக்கொள்வோம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் லாரிகளுக்கிடையே வேன் ஊர்ந்துகொண்டிருக்க, அவள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை வேனிலேயே திறந்து டிரைவரிடம் திட்டு வாங்குவோம். 'வூடு', 'கீது' என்று அவள் பேசுவதைக் கேட்டு நான் சிரிப்பேன். நான் 'ஏளா' என்றால் அவள் சிரிப்பாள். என் இளமை என்று யாராவது கேட்டால், எனக்கு அந்த வேன்தான் நினைவுக்கு வரும்.

ஒரு மழைக்கால ஷட்டவுனில் அது நடந்தது. பிரேக்கரோடு ஒரு நீளமான கேபிளும் இணைந்திருந்தது. உயர் அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகு, கருவியை நிறுத்தினாலும் கேபிளுக்குள் மின்சாரம் கொஞ்சம் தங்கியிருக்கும். எர்த் ராடால் தொட்டு அதைத் தரைக்கு இறக்கிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். தனம் முறையாக ராடை வைத்தாள், எடுத்தாள், கேபிளில் மாட்டியிருந்த கருவியின் கிளிப்பைக் கழற்றக் கை நீட்டினாள். மறுகணம் பின்னால் தூக்கியெறியப்பட்டுச் சுவரோடு கிடந்தாள். நான் கருவி நின்றிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அவளிடம் ஓடினேன். பெயரைச் சொல்லிச் சொல்லிக் கன்னத்தைத் தட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்ததும் அவள் கேட்டது இதுதான்:

"இன்னாடி, ஆஃப் பண்ணிட்டியா?"

உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போயின. பிறகு ராடைத் தரையோடு இணைக்கும் அந்த எர்த் ஒயரைப் பிரித்துப் பார்த்தார்கள். மேல்தோல் புதிதுபோல இருந்தது, உள்ளே செம்பு இழைகள் அத்தனையும் முறிந்திருந்தன. அதை வைக்கும் பெட்டி சின்னது. ஒயரை ராடோடு இறுக்கிச் சுற்றினால்தான் மூடி மூடும். எல்லாரும் அப்படித்தான் சுற்றினார்கள், அவள் உட்பட.

தனம் வேலையை விடுவாள் என்றுதான் நினைத்தோம். விடச்சொல்லி அவளுடைய அம்மா அழுதார்கள். ஆனால் அவள் திரும்பி வந்து, கருவிகளும் ஒயர்களும் வைக்கும் ஸ்டோரைத் தன்னிடம் கொடுக்கும்படி மேனேஜரிடம் கேட்டாள். கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு ஒயர்கூட வெளியே போனதில்லை. நானும் வேறு ஜோடியோடு வேனில் போனேன். பெட்டியை அணைக்க மறுபக்கம் முழங்கால் இருந்தது, பேச்சுத்தான் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு நான் விண்ணப்பித்தது அந்த மாதங்களில்தான்.

போன விடுமுறையில் விமானத்திலிருந்து இறங்கி நேராக ஒரகடத்துக்குத்தான் போனேன். தனத்தின் ஸ்டோரில் ஒயர்கள் அகலமான மரக்கட்டைகளில் தளர்வாகத் தொங்கின. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்சம் பருத்திருந்தாள். குளிர் எப்படி, என்ன சாப்பிடுகிறாய் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ஊருக்குப் போய்ட்டு வந்தியா?" என்றாள்.

"இல்ல, நாளைக்குத்தான் போகணும்."

அவள் என்னையே பார்த்தாள். "பெத்தவங்கள கூட பாக்காம இங்க வந்து நின்னுகினு கீற. லூசாடி நீ?" என்றாள். பிறகு உணர்வில்லாத அந்த விரல்களும் சேர என் கையைப் பிடித்து, "உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன்.

மாலையில் சாலைக்கு வந்தபோது, தோளில் பையோடு ஒரு பெண் என்னிடம் மண்ணூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சு. ஹாஸ்டலில் சேர வந்திருக்கிறாள்.

"அதோ, அந்தாண்ட டீக்கடை கீது பாரு, அங்கதான்" என்றேன்.

"அக்கா இந்த ஊருதானா?"

ஆமாம் என்றேன். அவள் சாலையைக் கடந்து போய் நின்றாள். மண்ணூர் பஸ் வந்தது. டீக்கடையைத் தாண்டி, புதிதாகப் போட்டிருந்த ஒரு நிழற்குடையின் கீழ் போய் நின்றது. அவள் பையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள், ஓடும்போது ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள்.