ஃபர்ஸ்ட் ஷிப்டு வேன்

பெற்ற தாயை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனால் ஊரில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என் வேன் வாசலில் வந்து நின்றால் மட்டும் மானம் போய்விடுகிறது. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ராஜபாளையத்தில் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, வயதானவர்களைக் காலையில் அழைத்துவந்து சாயங்காலம் வீட்டில் கொண்டுபோய் விடும் காப்பகம் ஒன்றை ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் தொடங்கியிருந்தேன். வேனின் இரண்டு பக்கமும் ‘முதியோர் பகல்நேரக் காப்பகம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தது நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மடவார் வளாகம் தெருவில் முதல் வீட்டிலேயே மருமகள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். மாமியார் நூல் மில்லில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுகிறார் என்று, மகனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது அவரை உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார்கள்.

“யக்கா, வண்டிய இங்க நிப்பாட்டாதிய. கெழவிய ஹோம்ல தள்ளிட்டாவன்னு தெருவே பேசும்.”

“பூட்டிட்டுப் போறியளே, அதுக்குப் பேசாதா?”

“அது எங்க வீட்டுக்குள்ளதான இருக்காவ!”

தலையில் அடித்துக்கொண்டேன். எல்லாத் தெருவிலும் இதே பேச்சுதான். வேன் காலியாகத் திரிந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போக மில் வேன் வந்து நின்றால் யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. அது நினைவுக்கு வந்ததும் எழுத்தின்மேல் பெயிண்டை அடித்து மறைத்தேன். மறுநாள் காலை மில் வேன் மாதிரியே நீளமாக ஹாரன் அடிக்க டிரைவரிடம் சொன்னேன். பூட்டிவைத்திருந்த அந்த மில் அம்மாள் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று தூக்குவாளியோடு வந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். மாமியார் மில் கேன்டீனுக்குக் காய் நறுக்கப் போவதாக மருமகள் தெருவில் சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே இன்னும் மூன்று மாமியார்களுக்குக் கேன்டீனில் வேலை கிடைத்துவிட்டது!

தொல்லை அத்தோடு விட்டதா? “ஷிப்டுன்னு கூட்டியாந்துட்டு சும்மா உக்கார வச்சிருக்க?” என்று அந்த அம்மாள் சண்டைக்கு வந்தார். பஞ்சு வாங்கிப்போட்டு விளக்குத்திரி திரிக்கக் கொடுத்தேன். டீ செத்த நேரம் தாமதமானால் நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு ஸ்டிரைக். முதலாளிமார்கள் ஏன் முன்கோபிகளாக இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. மில் என்றால் வாரவிடுமுறை உண்டே என்று ஞாயிற்றுக்கிழமை எனக்கு நானே லீவு விட்டுக்கொண்டேன். எனக்குக் கிடைத்த நிம்மதி அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இறக்கிவிட்டபோது அந்த அம்மாள் வேன் கதவை விடவில்லை. மகன் வாசலில் நிற்கிறானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“நாளைக்கு ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போறாவ தாயி. பூட்டிட்டுத்தான் போவாவ. ஓவர்டைம் இருந்தா எனக்குப் போடேன். சம்பளம் வேண்டாம்.”

மகனைத் திட்ட வாய்வரைக்கும் வந்தது. அவர் கை இன்னும் கதவிலேயே இருந்தது.

“காலைல ரெடியா இருங்க ஆச்சி, வண்டி வரும்” என்றேன்.